எச்சில் ஊறாத நாலாவது லைன்

ஓசூர்,
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள நாத்தனார் சிஸ்டர் ப்ரீதாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் மடத்துல இருக்கிற எல்லாருக்கும் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். தவக்காலம் முழுக்கக் கடிதமே கூடாதுன்னு உங்க மதர் சொல்லிட்டாங்களே, எனக்கு வயிறு உப்பிப் போச்சு. சொல்ல அவ்வளவு சேர்ந்து கிடக்கு. அந்த மலைக்குளிர்ல உனக்கு இழுப்பு வராம இருக்கா? கம்பளி அனுப்பட்டுமா? இங்க நாங்க சுகம். பாப்பா அடுத்த வருஷம் மூணாம் கிளாஸ்.

ஊர்ல எல்லாரும் போன்ல பேசிக்கிறாங்க. போனே இல்லாத மடத்துக்குப் போன நாத்தனாருக்கு நான் ஒருத்திதான் உக்காந்து பேனா பிடிக்கிறேன். போஸ்ட் ஆபீஸ்ல இன்லேண்ட் லெட்டர் கேட்டா, "இன்னும் எழுதறீங்களாம்மா?"ன்னு கேக்குறாங்க. எழுதறேன்டியம்மா, என் தலையெழுத்து.

சரி, சேதிக்கு வரேன். எங்க கம்பெனியில காருக்குள்ள போற ஒயர் கட்டு செய்யறோம்னு உனக்குத் தெரியும். நாலாவது லைன்ல நான் லீடர். பலகை நகர்ந்து வந்துக்கிட்டே இருக்கும், வர வர ஒயரைப் போட்டு டேப் சுத்தணும். ஒருத்தி நகர்ந்தா லைனே நிக்கும். அதனால ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ரிலீவர் உண்டு. யாருக்கு ஒண்ணுக்கு வந்தாலும் ரிலீவர் வந்து அவ இடத்துல நிப்பா, இவ போயிட்டு வருவா. எங்களுக்கு ஜெயமணி அக்கா இருந்தாங்க. பிப்ரவரியில அவங்களைத் தூக்கி பேக்கிங்ல போட்டுட்டாங்க. இப்ப யாரும் எழுந்து போக முடியாது. டீ மணிக்குத்தான் போகணும். டீ மணியில போனா கக்கூஸ் வாசல்ல ரேஷன் கடை கூட்டம். பாதிப் பேரு திரும்பி வந்துடறோம்.

அதனால என்ன செய்யறோம் தெரியுமா? தண்ணியே குடிக்கிறதில்லை. பாட்டில் எல்லாம் நிறைச்சபடி வரிசையா நிக்குது.

இப்ப பெங்களூர் காலேஜ்ல இருந்து ரேவதின்னு ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு வந்திருக்கா. ஒயரை வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி, "உங்க ஆளுங்க நல்லா இருக்காங்களா, காட்டுங்க"ன்னு கேட்டுச்சாம். அதுக்காக எங்க எச்சிலை எடுத்துப் பாக்கப் போறாளாம்! மனசு அடிச்சுக்கிட்டா உடம்புல கார்ட்டிசால்னு ஒண்ணு சுரக்குமாம். காலையில ஏறி, பொழுது சாயச் சாய இறங்கணுமாம். இறங்காம நின்னா அந்த ஆளு கஷ்டத்துல இருக்காங்கன்னு அர்த்தமாம். எச்சில்லயே தெரிஞ்சிடுமாம். எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. வாயால சொல்லிச் சொல்லி யாரும் கேக்கலை. எச்சில் சொன்னாலாவது ஜெயமணி அக்காவைத் திருப்பிக் கொடுப்பாங்களான்னு பாக்கறேன்.

எல்லா சிஸ்டருக்கும் என் வணக்கம் சொல்லு. எனக்காக ஒரு மணி ஜெபமாலையாவது உருட்டு.

உன் அண்ணி,
எஸ்லின்


மடம்,
11 மே 2025

அன்பு அண்ணிக்கு,

மாதாவின் மாசம் இது. மாதா உங்க வீட்டு வாசல்லயே நிக்கட்டும். நான் சுகம். இழுப்பு வரலை. கம்பளி வேண்டாம், போன வருஷம் அனுப்பினதையே சிஸ்டர் அந்தோணியம்மாளுக்குக் கொடுத்துட்டேன். அவங்களுக்கு எண்பது தாண்டிடுச்சு.

அண்ணி, இங்க வர கடிதத்தை எல்லாம் மதர்தான் முதல்ல பிரிச்சுப் படிப்பாங்க. உங்க கடிதத்தைக் கையில கொடுக்கறப்ப அவங்க முகமே சரியில்லை. "கக்கூஸ், எச்சில்... உன் அண்ணி என்னம்மா எழுதறா?"ன்னாங்க. நான் தலை குனிஞ்சு நின்னேன். அப்புறம் அவங்களே, "ஆண்டவரே எச்சிலால மண்ணைக் குழைச்சுத்தானே குருடன் கண்ணைத் திறந்தார். சரி, மேல என்ன ஆச்சுன்னு எழுதச் சொல்லு"ன்னாங்க. தப்பிச்சீங்க.

டீ மணி அடிச்சாத்தான் எழுந்து போகலாம்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சதும் சிரிச்சுட்டேன். இங்கயும் அதேதான். நீளமான ஜெபத்துல உக்காந்திருக்கிறப்ப சில நாள்... சரி, அதை விடுங்க.

அண்ணன் எப்படி இருக்குது? நீங்க ரெண்டு பக்கம் எழுதியும் அண்ணன் பேரு எங்கயும் வரலையே.

மாசத்துக்கு ஒரு கடிதம்தான் எனக்கு அனுமதி. இந்த மாசத்துது இது. பாப்பாவுக்கு முத்தம்.

ஜெபத்தில் மறவாத,
ப்ரீதா


ஓசூர்,
18 மே 2025

ப்ரீதாவுக்கு,

மதருக்கு முதல்ல என் மரியாதையான வணக்கம். மதர், மன்னிச்சுக்கோங்க, இந்தக் கடிதத்துலயும் எச்சில்தான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு படிங்க.

உடம்புக்கு நல்லா இருக்கோம். வெயில்தான் கொளுத்துது.

எச்சில் எடுத்தாச்சு! காலையில கண்ணு முழிச்சதும் பல்லு விளக்காம ஒரு டியூப், அரை மணி கழிச்சு ஒண்ணு, மத்தியானம் லைன்ல ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. பேரு போட மாட்டாங்க, நம்பர்தான். எச்சிலைக் கையில பிடிச்சுக்கிட்டு போற கூச்சம் இருக்கே, ஐயோ! ஒருத்தி டியூபை ஒருத்தி தொட மாட்டேங்கிறா. நம்ம ஊர்ல எச்சில் பட்ட டம்ளரைக் கழுவாம வச்சாலே வீடு ரெண்டாயிடும், இதுல டியூப் டியூபா.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பொண்ணுங்ககிட்ட ஃபிரிட்ஜ் இல்லை. எல்லாரோட டியூபும் என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்துச்சு. மாடியில இருக்கிற வீட்டுக்கார செல்வம்மாள் அம்மா மாவு வாங்க வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாங்க. "என்னம்மா இது, தயிரா?"ன்னாங்க. "எச்சில்"னேன். அன்னிக்கு இறங்கிப் போனவங்க இன்னும் என் வீட்டு மாவைத் தொடலை.

மத்தியான டியூப்தான் பெரும்பாடு. வாய் காஞ்சு கிடக்கு, துப்பச் சொன்னா எங்கிருந்து துப்பறது? வினிதான்னு ஒரு பொண்ணு, சிங்காரப்பேட்டைக்காரி, சின்னப் பொண்ணு, டியூபை வாயில வச்சுக்கிட்டு அழவே ஆரம்பிச்சுட்டா. அப்ப லைன்ல யாரோ பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்ப்பொடி தடவி எடுத்து வந்தாங்க. ஒரு பத்தை வாயில வச்சதுதான் தாமதம், எல்லா டியூபும் நுரையோட நிரம்பிடுச்சு. ரேவதி அந்தப் பக்கம் திரும்பியிருந்தா, பாக்கலை. நாங்க கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு சிரிச்சோம்.

அடுத்த மாசம் முடிவு வந்துடும். எனக்குத் தூக்கம் வரலை. நல்ல சேதி வந்தா உங்க கோயிலுக்கு மெழுகுத்திரி பெட்டியோட அனுப்பறேன்.

உங்க அண்ணன் நல்லா இருக்கார்.

அன்புடன்,
எஸ்லின்


மடம்,
8 ஜூன் 2025

அன்பு அண்ணிக்கு,

இன்னிக்கு பெந்தெகோஸ்தே திருநாள். ஆவியானவர் உங்க எல்லாருக்கும் தைரியத்தைக் கொடுக்கட்டும். நான் சுகமா இருக்கேன். மழை பிடிச்சுக்கிச்சு, துணி காயறதே இல்லை.

மாங்காய் கதையைப் படிச்சிட்டு மதர் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அப்புறம் சட்டுனு நிறுத்தி, "மாங்காய் வச்சா பரிசோதனை கெட்டுப் போகாதா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் பக்குன்னுச்சு. அப்படி ஒண்ணும் ஆகாம இருக்கட்டும். அப்புறம், மாங்காய் கொண்டு வந்த அந்த "யாரோ" யாருன்னு எனக்குத் தெரியும். உங்க கொல்லையில நிக்கிற பெங்களூரா மரத்தை எனக்குத் தெரியாதா அண்ணி?

இன்னொண்ணு. "உங்க அண்ணன் நல்லா இருக்கார்." அவ்வளவுதான் எழுதியிருக்கீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க எழுதின கடிதத்துல எல்லாம் அண்ணனைத் திட்டி முக்கால் பக்கம் இருக்கும். குறட்டை விடுறார், துண்டை ஈரத்தோட கட்டில்ல போடுறார், சாம்பார்ல உப்பு இல்லேங்கிறார்னு. இப்ப திட்டே இல்லை. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

அண்ணன்தானே அந்த செக்‌ஷன் சூப்பர்வைசர். ஜெயமணி அக்காவை "தூக்கிட்டாங்க"ன்னு எழுதினீங்க. யாரு தூக்கினாங்க?

அழுத்திக் கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க.

ஜெபத்தில் மறவாத,
ப்ரீதா


ஓசூர்,
15 ஜூன் 2025

ப்ரீதா,

நீ சுகமா இரு. நான் சுகமா இல்லை.

எல்லாம் போச்சு. மதர் வாக்கு பலிச்சிடுச்சு. புளிப்பு பட்ட எச்சில்ல கணக்கு தாறுமாறா ஏறிடுமாம். எங்க லைன் முடிவைப் பாத்துட்டு ரேவதிக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கு, "இந்த அளவு இருந்தா இவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில இருக்கணும்"னு. மிச்சம் இருந்த எச்சில்ல புளிப்பு இருக்கான்னு திரும்பப் பாத்திருக்கா. குட்டு உடைஞ்சு போச்சு. "அக்கா, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே"ன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு நிலத்துல புதைஞ்சிடலாம் போல இருந்துச்சு. ஆமாம், மாங்காய் நான்தான் கொண்டு போனேன். உன் கண்ணு பொல்லாத கண்ணு.

ஹெச்.ஆர். ஹரீஷ்குமார் இருக்கானே, அவனுக்கு அன்னிக்கு தீபாவளி. "ரிலீவர் கேட்டு டிராமா போட்டாங்க சார், ஃபுல்லா மாங்காய்"னு ஊரெல்லாம் சொல்லிட்டான். இப்ப கேன்டீன்ல தட்டை நீட்டினாலே "வந்துடுச்சுப்பா மாங்காய் லைன்"ங்கிறாங்க.

அதை விடப் பெருசு, வினிதா. போன வாரம் லைன்லயே குளிர் காய்ச்சல் வந்து சாய்ஞ்சிட்டா. அடக்கி அடக்கி, கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சாம். கிருஷ்ணகிரியில ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நான் பாக்கப் போனேன். குளுக்கோஸ் பாட்டிலைக் காட்டி, "அக்கா, இங்க எவ்வளவு தண்ணி ஏத்தினாலும் போயிட்டு வரலாம்"னு சொல்லி சிரிக்கிறா. எனக்கு அழுகையை அடக்க முடியலை. அவங்க அப்பா, "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்"னு ஊருக்குக் கூட்டிட்டுப் போறார்.

யாரு தூக்கினாங்கன்னு கேட்டியே. உங்க அண்ணன்தான். மேல இருந்து, "செக்‌ஷனுக்கு ஒரு ஆள் குறை"ன்னாங்க, இவர் ஜெயமணி அக்கா பேரை எழுதிக் கொடுத்துட்டார். என் லைனாச்சே, நான் சமாளிச்சுக்குவேன்னு நினைச்சாராம்! அன்னிலேர்ந்து வீட்ல பேச்சு இல்லை. "சாப்பாடு", "சாவி", "பாப்பா தூங்கிட்டா". அவ்வளவுதான். வினிதாவைப் பத்திச் சொன்னப்ப கூட தட்டைப் பாத்துக்கிட்டே இருந்தார். அந்த ஆளை நான் காதலிச்சுத்தானே கட்டினேன், ப்ரீதா?

ரேவதி ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்கா. அவளும் மேல போய் சண்டை போட்டு, ஜூலை கடைசியில இன்னொரு தடவை எடுக்க அனுமதி வாங்கிட்டா. ஆனா ஹரீஷ்குமார், "லைன் ஆளுங்க மட்டும்னா ஒப்புக்க மாட்டோம், சூப்பர்வைசரும் கொடுக்கணும்"னு ஒரு முட்டுக்கட்டை போட்டுட்டான். ஒரு சூப்பர்வைசரும் கொடுக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அவங்க கஷ்டத்துல இருக்காங்கன்னு எச்சில் சொல்லிட்டா நாளைக்கு புரமோஷன் என்னாகும்? உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். "என்னால முடியாது"ன்னார். நாலு மாசத்துல அவர் முழுசா பேசின ஒரே வாக்கியம்.

சீக்கிரம் எழுது. உன்கிட்ட தவிர யார்கிட்டயும் சொல்லலை.

எஸ்லின்


ஓசூர்,
20 ஜூலை 2025

சிஸ்டர் ப்ரீதா அவர்களுக்கு,

கோபத்துல இருக்கேன், அதான் "அவர்களுக்கு". சுகமான்னு கூட கேக்க மாட்டேன்.

ஜூன் போச்சு, ஜூலையும் போகப் போகுது. மாசத்துக்கு ஒரு கடிதம் உண்டுன்னியே, இந்த மாசக் கடிதம் எங்கே? உங்க அண்ணனைப் பத்தி எழுதினதால கோபமா? ரத்தம் ரத்தத்தோட சேர்ந்துக்கிச்சா? சேர்ந்துக்கட்டும். நான் வேத்து வீட்டுக்காரிதானே.

வர 28ஆம் தேதி திங்கள்கிழமை எச்சில் எடுக்கிறாங்க. மாங்காய் சீசனும் முடிஞ்சு போச்சு, இருந்தாலும் நான் ஒவ்வொருத்தி டிபன் டப்பாவையும் திறந்து பாத்துட்டேன். எலுமிச்சை ஊறுகாய் கொண்டு வந்த ஒருத்தியை வெளுத்து வாங்கிட்டேன். எல்லாம் சரியா இருக்கு. சூப்பர்வைசர் ஒருத்தராவது கொடுக்கலைன்னா எல்லாம் வீண்.

உடம்பைப் பாத்துக்கோ. மழையில நனையாதே.

எஸ்லின்


ஓசூர்,
28 ஜூலை 2025

ப்ரீதா,

துப்பிட்டேன்.

நீ அன்னிக்கு முன்னாடி நடந்து வந்ததை நான் மறக்கலை.

அண்ணன்,
ஜாக்சன்


ஓசூர்,
3 ஆகஸ்ட் 2025

என் கண்ணு ப்ரீதாவுக்கு,

நல்லா இருக்கியா? இழுப்பு இல்லையே? குளிருக்கு என்ன போட்டுக்கிறே? போன கடிதத்தைக் கிழிச்சு அடுப்புல போடு. மதர் படிச்சிருப்பாங்களே, ஐயோ, மானம் போச்சு. மதர், நான் அப்படிப்பட்டவ இல்லை.

நீ பெரிய திருடி. ஜூலை மாசக் கடிதத்தை அண்ணனுக்கு எழுதியிருக்கே, கம்பெனி விலாசத்துக்கு! எனக்கு எப்படித் தெரியும்? திங்கள்கிழமை காலையில நான் முழிச்சு, பேசாம டியூபை எடுத்து வாயில வச்சேன். பின்னாடி ஏதோ சத்தம். திரும்பிப் பாத்தா உங்க அண்ணன் கட்டில் அந்தப் பக்கம் உக்காந்து, லுங்கியோட, தலை கலைஞ்சு, ஒரு டியூப்ல துப்பிக்கிட்டு இருக்கார்!

எனக்கு வாயில எச்சில் இருக்கு, பேச முடியாது. அவருக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு டியூபை நிரப்பறோம். பாப்பா வந்து நின்னு, "அம்மா, அப்பாவுக்கும் வாந்தியா?"ன்னா. அவ்வளவுதான், எனக்கு சிரிப்பு பீறிட்டு டியூப் கீழ விழுந்துடுச்சு. அவரும் சிரிச்சுட்டார். பிப்ரவரிக்கு அப்புறம் அந்த வீட்ல கேட்ட முதல் சிரிப்பு. ரேவதி எக்ஸ்ட்ரா டியூப் கொடுத்திருந்தது நல்லதாப் போச்சு.

சனிக்கிழமை சாயங்காலமே ரேவதிகிட்ட போய் நம்பர் வாங்கியிருக்கார். அவரைப் பாத்து இன்னும் ரெண்டு சூப்பர்வைசருங்க வந்திருக்காங்க. ஹரீஷ்குமார் முகத்தை நீ பாத்திருக்கணும்.

உன் கடிதம் அவர் சட்டைப் பையில இருக்கு. துவைக்கிறதுக்குப் போட்டா முதல்ல அதை எடுத்து வச்சுக்கிறார். கேட்டா காட்ட மாட்டேங்கிறார். என்னதான்டி எழுதினே?

அன்பு முத்தங்களோட,
அண்ணி எஸ்லின்

பி.கு. அவர் குறட்டை தாங்க முடியலை. துண்டை மறுபடி ஈரத்தோட கட்டில்ல போடுறார்.


மடம்,
17 ஆகஸ்ட் 2025

அன்பு அண்ணிக்கு,

மாதாவின் விண்ணேற்புத் திருநாள் முடிஞ்ச சந்தோஷத்தோட எழுதறேன். சுகமா இருக்கேன். உங்க பி.கு.வைப் படிச்சப்ப இன்னும் சுகமாயிடுச்சு.

என்ன எழுதினேன்னு அண்ணனே சொல்லட்டும். அது அவரோடது, நான் சொன்னா சரியில்லை.

மதர் செஞ்சதைச் சொல்றேன். உங்க ஜூன் கடிதத்தைப் படிச்சிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஜூலைக் கடிதத்தை யாருக்கு எழுதப் போறே?"ன்னாங்க. "அண்ணிக்கு"ன்னேன். "அண்ணிக்குத் தெரியாததா என்ன எழுதப் போறே? கடிதம் வேண்டியது யாருக்கு?"ன்னாங்க. அதனால நீங்க திட்ட வேண்டியது மதரை. உங்க கோபக் கடிதத்தையும் அவங்கதான் முதல்ல படிச்சாங்க. "நியாயமான கோபம்"னாங்க.

இங்க எல்லாரும் நவநாள் ஜெபம் சொல்றோம். எதுக்குன்னு வெளிய சொல்லிக்க முடியாது. சிஸ்டர் அந்தோணியம்மாள் தினமும் காதுகிட்ட வந்து, "முடிவு வந்துடுச்சா?"ன்னு கேக்குறாங்க. சீக்கிரம் எழுதுங்க.

ஜெபத்தில் மறவாத,
ப்ரீதா


ஓசூர்,
14 செப்டம்பர் 2025

ப்ரீதா! ப்ரீதா! ப்ரீதா!

எல்லாரும் சுகம்! மெழுகுத்திரி பெட்டி தனியா பார்சல்ல வருது, பெரிய பெட்டி!

வியாழக்கிழமை மீட்டிங். பெரிய மேனேஜர், ஹரீஷ்குமார், ஒயர் வாங்கற கம்பெனியில இருந்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, சூப்பர்வைசருங்க, லைன் லீடருங்க. ரேவதி சுவத்துல படம் காட்டினா. ரிலீவர் இருக்கிற லைன்ல கோடு காலையில ஏறி மத்தியானம் இறங்குது. எங்க லைன் கோடு மத்தியானம் இறங்கவே இல்லை, அப்படியே நிக்குது. "ரொம்பப் பேரு இல்லை, இதை வச்சு உலகத்துக்கே சொல்ல முடியாது. ஆனா இந்த லைன்ல ஏன் இப்படின்னு கேக்க இது போதும்"னா ரேவதி.

ஹரீஷ்குமார் எழுந்தான். "சார், இதே லைன்தான் முதல்ல மாங்காய் வச்சு ஏமாத்தினாங்க. இவங்க எச்சிலை எப்படி நம்பறது?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரத்தம் கொதிக்குது, வாயைத் திறக்கப் போறேன், நாக்கு ஒட்டிக்கிச்சு.

அப்ப பின்னாடி நாற்காலி தள்ளற சத்தம். உங்க அண்ணன்.

"சார், மாங்காய் ஏன் வச்சாங்கன்னு யாருமே கேக்கலையே"ன்னார். "எச்சில் ஊறலை, அதனால மாங்காய். தண்ணி குடிக்கலை, அதனால எச்சில் ஊறலை. வெளிய போக முடியாது, அதனால தண்ணி குடிக்கலை. போக முடியாம பண்ணது நான். ஜெயமணி பேரை எழுதிக் கொடுத்தது நான். எழுதச் சொன்னது நீங்க."

அப்புறம் சுவத்துல இருந்த படத்தைக் காட்டினார். "அங்க ஒரு கோடு ராத்திரி படுக்கிறப்ப கூட இறங்காம மேலயே போகுதே, அது யாருன்னு ரேவதி மேடம் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். அது என் நம்பர்."

ப்ரீதா, நான் அழுதேன். எல்லாருக்கும் முன்னாடி, வெக்கமே இல்லாம. இவர் வீட்ல பேசாம உக்காந்திருந்தது எல்லாம் திமிருன்னு நினைச்சேனே! அந்தக் கோடுதான் அவர் பேசாத பேச்சுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

ரேவதி அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொன்னா. அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஜெயமணி இப்ப எங்கே?" பேக்கிங்லன்னாங்க. "நாளைக்குக் காலையில நான் லைனைப் பாக்க வரேன். அவங்களை அங்க பாக்கணும்"னு சொல்லிட்டு பேனாவை மூடிட்டாங்க. பெரிய மேனேஜர் அந்த இடத்துலயே சொல்லிட்டார், எங்க லைனுக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு லைனுக்கும் ரிலீவர், எடுத்ததெல்லாம் திரும்ப வரும், இனிமே எந்த சூப்பர்வைசரும் தனியா எடுக்கக் கூடாதுன்னு. வெளிய வந்தா மூணாவது லைன், அஞ்சாவது லைன் பொண்ணுங்க எல்லாம் கதவுகிட்ட நிக்கிறாங்க. "மாங்காய் லைன்!"னு ஒருத்தி கத்தினா பாரு, கேன்டீனே அதிர்ந்துச்சு. கிண்டல் இல்லை, ப்ரீதா. வாழ்த்து!

நேத்து வினிதா வந்துட்டா. அவங்க அப்பாவே சிங்காரப்பேட்டையில இருந்து பஸ் ஏத்தி விட்டார். வேலை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல என்னைப் பாத்து கையைத் தூக்கினா. ஜெயமணி அக்கா அப்ப வேற ஒருத்தி இடத்துல நிக்கிறாங்க. நான் போறதுக்குள்ள உங்க அண்ணன் வந்து, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லி அவ இடத்துல நின்னு டேப் சுத்த ஆரம்பிச்சுட்டார். கோணல் மாணலாத்தான் சுத்தினார், நான் பிரிச்சு மறுபடி சுத்தினேன், அது வேற விஷயம். வினிதா ஓடலை. கையை வீசிக்கிட்டு, நடுப் பாதையில, ஆத்தா ஊர்வலம் போற மாதிரி போனா. திரும்பி வந்து பாட்டிலைத் திறந்து மடக் மடக்னு அத்தனையும் குடிச்சா. லைன் முழுக்க பாட்டிலைத் திறந்து குடிச்சோம்.

ராத்திரி சாப்பாட்டுல, உன் கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு உங்க அண்ணன் அவரா சொன்னார். அவர் நாலாவது படிக்கிறப்ப வாத்தியார் வெளிய விடலையாம், கிளாஸ்லயே நனைஞ்சிடுச்சாம். பொடிசா இருந்த நீ ஒண்ணும் கேக்காம, உன் பையை அவர் கையில கொடுத்து முன்னாடி பிடிச்சுக்கச் சொல்லி, யாருக்கும் தெரியாம மறைச்சுக்கிட்டு வீடு வரைக்கும் முன்னாடியே நடந்தியாம். இத்தனை வருஷத்துல அவரும் யார்கிட்டயும் சொல்லலையாம், நீயும் சொல்லலையாம். "அந்த வாத்தியார் மேல இன்னிக்கும் கோபம் இருக்கு எஸ்லின், கடைசியில நானும் அவர் செஞ்சதையே செஞ்சிருக்கேன்"னார். இன்னொரு தோசை போட்டேன்.

செல்வம்மாள் அம்மா இன்னிக்கு மாவு வாங்க வந்தாங்க. எல்லாம் சரியாயிடுச்சு.

மதருக்கும் சிஸ்டர் அந்தோணியம்மாளுக்கும் என் கை நிறைய கும்பிடு.

சந்தோஷத்துல குதிக்கிற உன் அண்ணி,
எஸ்லின்


மடம்,
28 செப்டம்பர் 2025

அன்பு அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி. ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க, அது போதும் எனக்கு. மெழுகுத்திரி வந்துச்சு. பீடம் முழுக்க ஏத்தி வச்சோம்.

உங்க கடிதத்தை மதர் என் கையில கொடுக்கவே இல்லை. சாயங்காலம் எல்லாரும் பேசிக்க விடுற நேரத்துல, அவங்களே கண்ணாடி போட்டுக்கிட்டு சத்தமா படிச்சாங்க. "எழுதச் சொன்னது நீங்க"ங்கிற இடம் வந்ததும் நாங்க கை தட்டிட்டோம். இந்த மடத்துல கை தட்டி நான் கேட்டதே இல்லை அண்ணி. வெளிய தோட்டக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டார்.

படிச்சு முடிச்சிட்டு மதர் கண்ணாடியைக் கழட்டினாங்க. அப்புறம் நிமிர்ந்து, "நம்ம நீள ஜெபத்துல யாராவது அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் தரையைப் பாத்தோம். "இனிமே யாரும் என்கிட்ட கேக்க வேண்டாம். எழுந்து போயிட்டு வாங்க. ஆண்டவர் காத்திருப்பார்"னாங்க.

நேத்து சாயங்கால ஜெபத்துல சங்கீதம் பாடிக்கிட்டு இருக்கிறப்ப சிஸ்டர் அந்தோணியம்மாள் கோலை ஊன்றி எழுந்தாங்க. தட் தட்னு கோயில் முழுக்கக் கேக்க, நடுவுல நடந்து வெளிய போனாங்க. யாரும் பாட்டை நிறுத்தலை, யாரும் திரும்பிப் பாக்கலை. திரும்பி வந்து உக்காந்து, எல்லாரையும் விட சத்தமா பாடினாங்க.

இன்னிக்கு நானும் போயிட்டு வந்தேன், அண்ணி.

ஜெபத்தில் என்றும் மறவாத,
ப்ரீதா